புண்ணா, வடுவா: அதிர்ச்சிச் சிகிச்சையின் சொல்லாடலும் எண்ணூரின் காற்றும்

ஆய்வுச்சுருக்கம்

பேரதிர்ச்சிக்கு ஆளானவரின் நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்துவதே சிகிச்சையின் முதற்படி என்னும் கருத்து இன்று தமிழிலும் பரவலாகப் பேசப்படுகிறது. ஆபத்து கடந்துவிட்டது என்னும் முற்கோளின்மீது அக்கருத்து நிற்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் நிகழ்ந்த அமோனியாக் கசிவை முன்வைத்து, அம்முற்கோளையும் அதனைச் சுமந்துவரும் தமிழ்ச் சொற்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மனவடு, அச்சம், மெய்ப்பாடு, நரம்பு மண்டலம், எண்ணூர், போபால்.

முன்னுரை

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில், கப்பலிலிருந்து எண்ணூரின் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குத் திரவ அமோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அந்நாள் ஆழிப்பேரலையின் பத்தொன்பதாம் நினைவு நாள். 2004இல் காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரை அலையைக் கண்டு ஓடியது. 2023இல் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிலிருந்து ஓடியது. அதே டிசம்பரின் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருந்தது.

இத்தகைய நிகழ்வுக்குப் பின் உளநலத்துறை கூறும் விளக்கம் நன்கு அறியப்பட்டது. ஆபத்தை உணர்ந்த மூளை, பரிவு நரம்புகளின் வழியே இதயத்தை விரைவாக்குகிறது, அட்ரினலின் சுரக்கிறது, உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கியபின்னும் அந்த ஆயத்தம் தணியாதபோது உறக்கமின்மை, திடுக்கிடல், மீள்நினைவு ஆகியன தொடர்கின்றன. எனவே, ‘ஆபத்து முடிந்துவிட்டது’ என்பதை உடலுக்குக் கற்பிப்பதே சிகிச்சையாகிறது. பெசல் வான் டெர் கோல்க் 2014இல் வெளியிட்ட நூலுக்குப்பின் இவ்விளக்கம் பொதுவாசகரிடமும் பரவியுள்ளது. இதன் உடலியலோடு இக்கட்டுரைக்குப் பெரிய பிணக்கு இல்லை. ‘முடிந்துவிட்டது’ என்னும் வினைமுற்றே இங்குச் சிக்கலாகிறது.

சொல்லில் தங்கிய காலம்

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மூன்றாம் நோய்வகைப்பாட்டுக் கையேடு இந்நோய்க்குப் பெயரிட்டபோதே ‘பிந்தைய’ என்னும் காலக்குறிப்பை அதன் தலைப்பில் வைத்தது. தமிழ் மொழிபெயர்ப்புகள் அதனை அப்படியே ஏற்றன. இலங்கைத் தமிழ் உளநல எழுத்துகளில் வேரூன்றிய ‘மனவடு’ என்னும் சொல் அதனினும் அழகானது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்கால உளப்பாதிப்பு பற்றி 1998இலும் 2014இலும் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களின் தலைப்புகளிலும் வடுவே உருவகமாக நிற்கிறது. கிரேக்க மூலச்சொல் புண்ணைக் குறிக்க, தமிழ் வடுவைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. 129ஆம் குறள் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, தீயின் புண்ணுக்கு ஆறும் இயல்பையும் நாவின் வடுவுக்கு ஆறா இயல்பையும் தருகிறது. உள்ளத்துக் காயத்தின் நீடிப்பை உணர்த்த இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது.

ஆயினும் குறளிலும் சுடுதல் முடிந்துவிட்டது. ஆறினாலும் ஆறாவிட்டாலும் தீ இப்போது உடலைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. எண்ணூரில் இந்நிலை இல்லை. அனல்மின் நிலையங்களும் சாம்பல் குழாய்களும், அருகே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இயங்குகின்றன. ஆற வாய்ப்பளிக்கப்படாத புண்ணை வடு எனப் பெயரிடுவது, மருத்துவர் அறியாமலே தீயை அணைந்ததாக அறிவித்துவிடுகிறது.

தமிழ் இலக்கியத் துறைகளில் அதிர்ச்சிக் கோட்பாடாகப் பயிலப்படும் கேத்தி கரூத்தின் வாசிப்பும் (1996) இதே குறையுடையது. நிகழும்போது உள்வாங்கப்படாத ஒற்றை நிகழ்வு பின்னர்த் திரும்பி வருவதே அவர்தம் மையக்கருத்து. அன்றாடமாகிவிட்ட ஆபத்துக்கு அம்மாதிரி பொருந்தாது என்பதை ஸ்டெஃப் கிராப்ஸ் (2013) காலனிய வரலாறுகளைக் கொண்டு வாதிட்டுள்ளார். வடசென்னையைக் களமாகக் கொண்ட புனைவுகளைக் கரூத்தின் வழியே வாசிக்கும் ஆய்வேடுகள் இவ்வாதத்தைக் கணக்கில் கொள்வது நன்று.

இவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பழைய கோட்பாடு என்பதற்காக அன்றிப் பயன் கருதியே நினைக்கத்தக்கது. அச்சத்திற்கு அது கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே நிற்பவை. மெய்ப்பாடு உடலில் தோன்றினும் அதன் காரணத்தை உடலுக்குள்ளேயே தேடி முடித்துவிட அவ்வியல் இடந்தருவதில்லை. இன்றைய சிகிச்சைச் சொல்லாடல் நேர்மாறாக நடுக்கத்தை நரம்பிலேயே தொடங்கி நரம்பிலேயே முடிக்கிறது. (தமிழ்ப் பொதுவழக்கில் ‘நரம்பு’ என்பது விடுதி அறைகளில் தங்கிச் சிகிச்சையளிப்போரின் ‘நரம்புத்தளர்ச்சி’ விளம்பரங்களால் ஏற்கெனவே கறைபட்ட சொல் என்பதும் மறக்கத்தக்கதன்று.)

மூச்சென்னும் இடர்ப்பாடு

அமைதிப்படுத்தும் முறைகளில் எளியதும் எங்கும் கற்பிக்கப்படுவதும் மூச்சுப்பயிற்சி. வெளிமூச்சை நீட்டித்து மெதுவாக விடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத்துடிப்பு தணிகிறது. இவ்வுடலியல் உண்மை உறுதியானது. அதன்மீது ஸ்டீபன் போர்ஜஸ் எழுப்பிய பல்வேகஸ் கோட்பாடு மட்டுமே இன்னும் விவாதத்திற்குரியது. பெரும்பாலான அதிர்ச்சிகளில் மூச்சு, பாதிக்கப்பட்டவரிடம் எஞ்சியிருக்கும் பாதுகாப்பான பொருள். வெள்ளத்திலோ விபத்திலோ தப்பியவரிடம் ‘ஆழ்ந்து மூச்சிழுங்கள்’ எனலாம். எண்ணூரில் நஞ்சு வந்த வழியே மூச்சுதான். அங்கு ஆழ்ந்த மூச்சு அமைதியின் கருவியாகும் முன்பே நினைவின் கருவியாகிவிடுகிறது. காற்றில் சிறு நெடி எழுந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் உடலை நோயுற்றது என எளிதில் சொல்லிவிட இயலாது. 2023இல் உயிர்களைக் காத்தது அந்த விழிப்பே.

இதனால் சிகிச்சை வேண்டா என்பது முடிபாகாது. தணியாத விழிப்பு உறக்கத்தைக் கெடுக்கிறது, குருதியழுத்தத்தை உயர்த்துகிறது, குழந்தையின் கல்வியைக் குலைக்கிறது. முற்றும் பாதுகாப்பில்லாத சூழலிலும் சிகிச்சை பயன்தரும் என்பதற்குத் தமிழ்ச் சூழலிலேயே சான்றுண்டு. ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களுக்குப்பின் இலங்கையின் வடகிழக்குக் கரையோர முகாம் ஒன்றில், போராலும் அலையாலும் பாதிக்கப்பட்ட 31 குழந்தைகளுக்கு இருவகைச் சிகிச்சைகள் ஆறு அமர்வுகளில் அளிக்கப்பட்டன. ஒன்று வாழ்க்கைக் கதையை முழுமையாகச் சொல்லவைப்பது. மற்றது தியானமும் உடல்தளர்வும். ஆறு மாதங்களுக்குப்பின் முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தனர் எனக் கிளாடியா கட்டானி குழுவினர் 2008இல் வெளியிட்டனர். சிறிய ஆய்வுதான், இரு முறைகளின் வேறுபாடும் அறுதியானதன்று. ஆயினும் போர் நிலையாக ஓயாத மண்ணில், முகாமில், உள்ளூர் ஆசிரியர்களைக் கொண்டே அது சாத்தியமாயிற்று. தயா சோமசுந்தரமும் சாந்தி ஆசனம், செபம், மந்திரம், திக்ர் என அவரவர்க்குப் பழகிய தளர்வு முறைகளையே பரிந்துரைத்தார்.

தமிழகத்தின் பல பகுதிகளில் ‘பயந்தகோளாறு’ எனப் பெயரிட்டுக் குழந்தையைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச்சென்று மந்திரிக்கும் வழக்கமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. தாயின் மடி, வேப்பிலையின் தொடுகை, ஓதப்பட்ட நீர், ஒரே சீரான குரல் ஆகிய அனைத்தும் உடலைத் தணிப்பவை. அங்கு யாரும் குழந்தையிடம் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று கோட்பாடு பேசுவதில்லை. எதைக் கண்டு பயந்தது என்றே முதலில் கேட்கின்றனர்.

மனமா, வாயுவா

அக்கேள்வியை நிறுவனங்கள் கேட்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. நெஞ்சடைப்பு, மூச்சுமுட்டல், படபடப்பு ஆகியவை அமோனியாவின் விளைவுகளாகவும் இருக்கலாம். பீதியின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். ஒரே நோயாளியிடம் இரண்டும் சேர்ந்திருப்பதே இயல்பு. இதனை இந்திய மருத்துவம் போபாலில் கற்றது. 1984 டிசம்பர்ப் பேரழிவுக்குச் சுமார் இரு மாதங்களுக்குப் பின்னரே உளமருத்துவர்கள் அங்குச் சென்றனர். 1985இல் பத்து மருத்துவகங்களுக்கு வந்தவருள் 855 பேர் ஆராயப்பட்டு, 193 பேரிடம் உளப்பாதிப்பு கண்டறியப்பட்டது. ஆர். சீனிவாச மூர்த்தி உள்ளிட்ட பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பொதுமருத்துவர்களுக்கெனப் பயிற்சிக் கையேட்டை உருவாக்கினர். துன்பத்தை மதித்து எழுந்த பணி அது. ஆனால் அதே போபாலில், உடற்குறைகளை ‘இழப்பீட்டு ஆசை’ எனத் தள்ளும் குரல்களும் எழுந்தன. உளப்பாதிப்பு என்னும் அறிவியல் முடிபை ‘எல்லாம் மனப்பிரமை’ என மொழிபெயர்க்க நெடுநேரம் தேவைப்படவில்லை.

ஆகவே எண்ணூரில் அதிர்ச்சிச் சிகிச்சை தொடங்கும் எவரும் நுரையீரல் பரிசோதனையை முன்னிறுத்துவது நல்லெண்ணத்தைத் தாண்டிய முறையியல் கட்டாயமாகும். உறக்க மாத்திரையால் ஊரை அமைதிப்படுத்தும் சோதனைக்கும் இங்கு இடமில்லை. நிகழ்வின் முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளைக் குறைக்க பென்சோடயசெபின் வகை மருந்துகள் தரலாகாதென உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் நெறிப்படுத்தியுள்ளது.

எச்சரிக்கும் பொறுப்பு

ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்த மூன்று கட்டங்களில் முதலாவது பாதுகாப்பு. நினைவுகூர்தலும் மீளிணைதலும் அதன்பின்னரே வருவன. தமிழில் இதனைச் சுருக்கிச் சொல்வோர் ‘பாதுகாப்பு உணர்வு’ என்று எழுதிவிடுகின்றனர். பாதுகாப்பு வேறு, பாதுகாப்பு உணர்வு வேறு. இரண்டாவதை அறைக்குள் உருவாக்கலாம். முதலாவது குழாயின் நிலையைப் பொறுத்தது. கசிவுக்குப்பின் அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, பழைய கடலடிக் குழாயை நீக்கிக் கசிவைக் கண்டறிந்து தடுக்கும் அமைப்புகளுடன் புதிய குழாய் பதிக்கப் பரிந்துரைத்தது. உளநல இலக்கியத்தில் எவரும் மேற்கோள் காட்டாத அப்பரிந்துரை, ஹெர்மனின் முதற்கட்டத்தை எண்ணூரின் நடைமுறையில் பெயர்த்துச் சொல்கிறது. கசிவை உணரும் கருவியும் ஊருக்குக் கேட்கும் சங்கும் இல்லாத இடத்தில் அவ்வேலையை மூக்கும் இதயமும் இரவு முழுதும் செய்கின்றன. கருவி அப்பொறுப்பை ஏற்கும் நாளில்தான் சிகிச்சையாளர் ஒரு தாயிடம், நெடி வராத இரவில் உறங்கலாம் என நேர்மையோடு சொல்ல இயலும்.