சுடர் தரும் குளிர்
கேம்பர் வேனின் கேஸ் ஃபிரிட்ஜில் கீழே நீலச் சுடர் எரிகிறது, மேலே பால் கெடாமல் இருக்கிறது. என்ன அழகான யோசனை! 1922-இல் ஸ்டாக்ஹோம் மாணவர்களான பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் வடிவமைத்தது. கம்ப்ரசர் இல்லை, சத்தமும் இல்லை. சூட்டில் தண்ணீரைவிட்டுப் பிரியும் அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் உள்ள குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது.

சித்திரையில் திருவண்ணாமலைப் பாறைகள் மாலையிலும் அனல் கக்கும். அங்கே ஃபிரிட்ஜ் திணறினால் உடனே மாற்ற வேண்டாம். வண்டி சாய்ந்து நின்றாலே உள்ளோட்டம் தடைப்படும். சமதளத்தில், நிழலில் நிறுத்தி, பர்னர் கரியையும் பின்புறக் காற்றோட்டத்தையும் பார்க்கலாம்.

அம்மோனியா நெடியோ குழாயில் மஞ்சள் படிவோ தெரிந்தால் சுடரை உடனே அணைத்துவிடுங்கள். அந்தக் கசிவுக்கு வெல்டிங் உதவாது. குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டும்.