பரதேசியில் காணாமல் போன டாக்டர்

'பரதேசி' பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தன். நாவல் கைக்கு வந்தது பல வருஷம் கழித்து, மண்ணூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தபோது. வாசித்து முடித்ததும் அந்த அழுகை மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'தான் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. டேனியல் வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிற 1920களின் கதை இது. லயத்துக் காய்ச்சலை விதியென்று சொல்லிவிட டேனியலுக்கு மனசு வரவில்லை. ஒரு டாக்டருக்கு அது எங்கிருந்து வருகிறதென்று தெரியும். கக்கூஸ் இல்லாத இடத்தில் கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறும், தாய்க்கு ரத்தம் வற்றும். கூடவே மலேரியாவும் சேர்ந்தால் பிள்ளை எடையில்லாமல் பிறக்கும். அதைக் கொண்டுபோக ஒரு வயிற்றுப்போக்கு போதும். இதெல்லாம் அன்றைக்கே தெரிந்த சங்கதிதான். சேரிகளில் பிள்ளைகள் கொத்துக்கொத்தாகச் செத்த லிவர்பூல் நகரம் 1847லேயே சுகாதார அதிகாரி ஒருவரை நியமித்துவிட்டது. அந்த நாட்டுத் துரைகள்தான் இங்கே லயம் கட்டினார்கள்.

அதனால்தான் நாவலின் டாக்டர் ஆபிரகாம் முக்கியம். அவர் மருந்து கொடுப்பதோடு நிற்காமல் நிர்வாகத்தோடு மோதுகிறார். 2013இல் பாலா அந்த இடத்தில் பரிசுத்தம் என்று ஒருவரை வைத்து, ஆடிப்பாடி மதம் மாற்றும் கோமாளியாக்கினார். கொள்ளைநோயில் மரகதம் சாகிறாள், நாம் அழுகிறோம். ஏன் செத்தாள் என்று கேட்க வேண்டிய ஆளையே படம் கழற்றிவிட்டது. குழந்தையோடு அங்கம்மா வந்து நிற்கும் கடைசிக் காட்சி பிரமாதம், மறுக்கவில்லை. ஆனா அந்தக் குழந்தை எந்தத் தண்ணியைக் குடிக்கப் போகுதுன்னு படத்துக்குக் கவலையில்லை.

நாவலிலும் குறை இருக்கு. சில இடம் அறிக்கை மாதிரி நடக்கிறது. டாக்டர் வந்தபின் கருப்பனும் வள்ளியும் ஓரமாகிவிடுகிறார்கள். இருந்தாலும் இந்த அறிக்கைத்தனத்தை நான் சகித்துக்கொள்வேன். பசியைப் பற்றி நம்மிடம் எவ்வளவோ கதை இருக்கிறது, கக்கூஸைப் பற்றி எத்தனை?

லயம் என்பதே 'லைன்' தானே. எங்கள் லைனில் எட்டு ரூம், ரெண்டு கக்கூஸ், ஒரு தொட்டி. பக்கத்து ரூம் ஒடியாக்காரரின் பத்து மாசக் குழந்தைக்கு ரெண்டு நாளாக வயிற்றுப்போக்கு. ஷிப்ட் முடித்து வந்தவர் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடினார். டாக்டரம்மா குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணிம்மா குடுக்குறீங்க?" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை. அரைகுறை இந்தியில் நான்தான் கேட்டுச் சொன்னேன். உப்புச் சர்க்கரைக் கரைசலில் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஹவுஸ் ஓனர் தொட்டியை இன்னும் கழுவலை.