வானத்துக் கோபுரமும் கடலோரப் படகும்

2025 டிசம்பர் 24-ஆம் நாள் காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது எல்.வி.எம்.3 ராக்கெட், அமெரிக்காவின் ஏ.எஸ்.டி. ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்துக்குச் சொந்தமான 'புளூபேர்ட்' வகைச் செயற்கைக்கோள் ஒன்றைச் சுமந்து சென்றது. அதன் எடை சுமார் 6,100 கிலோகிராம். சுற்றும் உயரம் ஏறத்தாழ 520 கி.மீ. சாதாரணச் செல்பேசியுடன் நேரடியாகத் தொடர்பு கொள்வதே அதன் வேலை. இனிச் சிக்னல் கிடைக்காத இடமே இராது என்ற எண்ணம் உங்களுக்கும் எழுந்திருக்கலாம். அது சரிதானா என்று பார்ப்போம்.

முதலில் அதன் சிறப்பு. கோபுரம் 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். செயற்கைக்கோள் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் தொலைவில் உள்ளது. தூரம் நூறு மடங்கானால் அலையின் வலிமை பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். செல்பேசியின் ஆற்றலோ ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. அந்த மெல்லிய குரலைக் கேட்க 223 சதுர மீட்டர் பரப்புள்ள ஆண்டெனாவை விண்ணில் விரிப்பது அரிய சாதனை. இதில் ஐயமில்லை.

ஆனால், ஒரு செயற்கைக்கோள் ஒரு கோபுரம் ஆகாது. கோபுரம் நின்ற இடத்தில் நிற்கும். இது சுமார் 95 நிமிடத்தில் உலகைச் சுற்றிவிடும். நம் தலைக்கு நேர்மேலே கடந்தாலும், அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் மறையச் சுமார் 12 நிமிடங்களே ஆகும். இடைவிடாத சேவைக்குப் பல பத்துச் செயற்கைக்கோள்கள் தேவை.

இதை மாமல்லபுரத்துக் கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். அங்குக் குன்றின்மேல் உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்காகப் பயன்பட்டது. அந்த விளக்கு படகுக்குக் கரையைக் காட்டியது. படகின் குரல் அதற்குக் கேட்காது. இஸ்ரோ மீனவர்களுக்காக முதலில் உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியும் ஒருவழிப் பாதையே. பொத்தானை அழுத்தினால் செய்தி போகும். போய்ச் சேர்ந்ததா என்பது படகில் இருப்பவருக்குத் தெரியாது. 2024-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் பதில் திரும்பி வர வழி பிறந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலரை எச்சரிக்கை எட்டவில்லை. பலர் கரை திரும்பவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது படக்காட்சி அன்று. ஒரு வரிச் செய்தி.

இன்னொரு குறையும் உண்டு. இதே நிறுவனம் 2022-இல் ஏவிய, 64 சதுர மீட்டர் ஆண்டெனா கொண்ட சோதனைச் செயற்கைக்கோள், வானின் மிக ஒளிமிக்க விண்மீன்களுக்கு இணையாக மின்னியதை வானியலார் அளந்து கூறினர். இப்போதைய பரப்பு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இவை பெருகினால் காவலூர் போன்ற வான்நோக்கு நிலையங்களுக்கு இடையூறே.

ஆகவே இத்திட்டத்தை வெறுக்கவும் வேண்டாம், வியந்து நின்றுவிடவும் வேண்டாம். உப்புநீர் பட்டால் கெடும், மின்கலம் தீர்ந்தால் ஊமையாகும் செல்பேசியை மட்டும் நம்பி ஒரு பைபர் படகு கடலுக்குள் போகலாமா? ஆபத்துக் கருவியும் படகில் இருக்கட்டும். அடுத்த முறை ஏவுதல் செய்தியைப் படிக்கும்போது, எடையோடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை நிமிடம் கிடைக்கும்? என்ன விலைக்குக் கிடைக்கும்? கரையைத் தாண்டி யாருக்குக் கிடைக்கும்?