அம்சவல்லியும் பபாவதியும்
தலவில புனித அன்னம்மாள் திருவிழாவில் தமிழும் சிங்களமும் அருகருகே ஒலிக்கும். அக்கரையோரத்து இரசிகருக்குக் கன்னடத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த பூஜா உமாசங்கரின் கலப்பு மரபு புதுமையன்று. இருமொழித் திரைகளும் அவரது அழகைக் கையாண்ட விதமே ஆராயத்தக்கது. 'ஜேஜே' (2003) முதலாகத் தமிழ்த்திரை அவ்வழகையே பெரிதும் நாடிற்று. பாலாவின் 'நான் கடவுள்' (2009) அவரைப் பார்வையற்ற இரவலப் பாடகி அம்சவல்லியாக்கியது. கண்கள் பேச இயலாவிடத்து, உடலின் ஒடுக்கமே நடிப்பாயிற்று. ஆயின் அழகைச் சிதைத்தாலன்றி நடிப்புப் புலப்படாது எனக் கொள்வது (நம்மவர் பலர் கொள்வதுண்டு) விமர்சனத்தின் வறுமையே. சுனில் ஆரியரத்னவின் சிங்களப்படமான 'குசபபா'வில் (2012) அவர் ஏற்றது, அழகற்ற மன்னன் குசனை வெறுக்கும் பேரழகி பபாவதியின் பாத்திரம். குச ஜாதகக் கதையில் அழகு அலங்காரமன்று; அதன் செருக்கே சிக்கலின் வேர். அம்சவல்லியை அளந்த கோல் பபாவதிக்குப் பொருந்தாது.