பிறை நாளில் கோல சிலாங்கூர்

கோல சிலாங்கூருக்கு நாள் குறிக்கும் முஸ்லிம், ரயில் அட்டவணைக்கு முன்னால் ஹிஜ்ரி காலண்டரைப் பார்ப்பது நல்லது. மாதத்தின் 29ஆம் நாள் அமைந்தால் உத்தமம்.

ரயில் அந்த ஊர்வரை போவதில்லை. கிள்ளானில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஆனாலும் கோலாலம்பூர் பழைய ஸ்டேஷனில்தான் பயணத்தைத் தொடங்கச் சொல்வேன். 1910இல் எழுந்த அந்தக் கட்டடத்தை வரைந்த ஹப்பாக்தான் ஓராண்டு முன்பு திறந்த ஜாமிஉ மஸ்ஜிதையும் வரைந்தவர். மாடக் குமிழ்களை அண்ணாந்து பார்த்துவிட்டு ரயிலேறினால், தொழுதுவிட்டுக் கிளம்பிய நிறைவு. குடும்பத்துப் பெண்கள் தனியே உட்கார விரும்பினால் 2010 முதல் அவர்களுக்கென்றே ஒரு பெட்டியும் உண்டு.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து தெங்கு கிளானா சாலை நடை தூரம். மல்லிகைச் சரமும் முறுக்கு எண்ணெயும் மணக்கும் அந்தத் தெருவில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் இருக்கிறது. லுஹரை அங்கே முடித்துக்கொள்ளலாம்.

காப்பார் தாண்டினால் செம்பனை. பார்வைக்குக் காடு, பஸ் நகர நகரத்தான் ஒழுங்கு புலப்படும். முக்கோணக் கணக்கில் நட்ட மரங்கள் ஆதலால் ஒரு சந்து திறந்து மூடும், உடனே சாய்வாக இன்னொன்று திறக்கும். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் எஸ்டேட்தான். 1917இல் அதைத் தொடங்கிய ஹென்றி ஃபோக்கோனியே பின்னாளில் நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். அவர் பெயர் புத்தகங்களில் நிற்கிறது. வெட்டியும் சுமந்தும் தோட்டங்களை வளர்த்த நம் ஜனங்களின் பெயர்கள் நிற்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஜெரம் கடற்கரையில் மலாய்க்காரர்களின் சுட்ட மீன் கடைகள். கூட வரும் ராவுத்தர் நண்பர் ஹனஃபி, நாங்கள் ஷாஃபி. நண்டும் மட்டியும் எங்கள் பக்கம், மீன் அவர் பக்கம் என்று தட்டுகள் தாமாகவே பிரிந்துகொள்ளும். அஸர் பாங்கு ஷாஃபி நேரத்துக்கே கேட்கும். அவர் கணக்கில் வக்து வர இன்னும் ஒரு மணி நேரம்போல ஆகும். அந்த இடைவெளியில் அலை பின்வாங்கிச் சேறு வெளுப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

பொழுது சாய்வதற்குள் புக்கிட் மெலாவத்தி ஏறிவிட வேண்டும். 1784இல் டச்சுக்காரர் பிடித்து, மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்ட குன்று. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். ஸலாம் சொல்லி பாத்திஹா ஓதலாம். சாம்பல் நிற லூத்தோங் குரங்குகளின் மடியில் குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் அதுவும் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே.

நோன்புப் பிறைக்கும் பெருநாள் பிறைக்கும் அதிகாரபூர்வமாகப் பார்வையிடும் இடங்களில் இந்தக் குன்றும் ஒன்று. சூரியன் நீரிணையில் இறங்கிய பிறகு, மங்கிய செம்மைக்குச் சற்று மேலே தேட வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே பிறை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்பதில்லை. இரு முனையும் மேல்நோக்க, தோணிபோல மல்லாந்து கிடக்கும். நகத்தின் ஓரத்தைவிட மெலிசு. ஒருவர் விரல் நீட்ட, மற்றவர் கண்ணைச் சுருக்க, மேகம் வந்து மறைக்க, அதற்குள் அது இறங்கிவிடும். தென்படாத மாதங்களும் உண்டு.

நாள் பார்த்து வரச் சொன்னதன் காரணம் மஃரிபுக்குப் பிறகுதான் தெரியும். பிறை விழுந்த வானில் வேறு நிலவில்லை; ஆற்றோரக் கம்போங் குவாந்தானில் மின்மினிக்கு அதைவிட நல்ல இரவில்லை. துடுப்புப் படகு பெரெம்பாங் மரங்களை நெருங்கும்போது முதலில் சிதறலான பொறிகள்தான். கொஞ்சம் பொறுத்தால் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்துக்கு வந்து, முழு மரமும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். அடுத்த மரம் அரைக்கணம் பிந்தும். அந்தப் பிந்துதலைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன்.

நாம் பார்ப்பது மரத்தை மட்டும். மின்மினிகளின் புழுக்களோ கரைக்குப் பின்னால் ஈரமண்ணில், நீப்பாப் பனை நிழலில், நத்தை தின்று வளர்பவை. ஆற்றோரப் பெரெம்பாங்கை விட்டுவைத்துப் பின்னிருக்கும் சதுப்பை வெட்டித் திருத்தினால் மரம் நிற்கும், பூச்சி வராது.