முன்னால் போகிறவரின் முதுகு

பத்துப் பேர் ஒரே வரிசையில் சைக்கிள் மிதித்துப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்வலம் மாதிரித்தான் தெரியும். கிட்டத்தில் பார்க்க வேண்டும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம். முன்னவரின் பின்சக்கரத்துக்கும் அடுத்தவரின் முன்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு முழம்கூட இருக்காது. அந்த வேகத்தில் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. பின்னால் ஒண்டுகிறவருக்கு அதில் கால்வாசியாவது மிச்சம். முன்னவர் சில நிமிடம் காற்றை வாங்கிக்கொண்டு, ஒதுங்கி, வரிசையின் வாலுக்கு வந்து சேர்வார். அடுத்தவர் முறை தொடங்கும்.

முன்னுக்கு வந்ததும் வேகத்தைக் கூட்டுகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் என் கணக்கில் தேர்ந்த ஆள் இல்லை. எங்கள் குழுவில் அறுபதை நெருங்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் முன்னால் போனதே பல சமயம் தெரியாது, வேகம் அத்தனை சீர். பிரேக்கைத் தொடமாட்டார், தோளைச் சற்று நிமிர்த்தி மார்பில் காற்றை வாங்குவார், வண்டி தானே தணியும். இடது கை கீழே நீண்டால் குழி. அதே கை முதுகுக்குப் பின்னால் வலப்பக்கம் வீசினால் எதிரே வண்டி நிறுத்தியிருக்கிறது, ஒதுங்கு. ‘ஹம்ப்!’ என்ற குரல் மட்டும் வாய்விட்டு, ஆள் மாற்றி ஆள் கடைசிவரை போகும்.

இதையெல்லாம் ரசிக்கப் பெங்களூர்–மைசூர் பழைய சாலைக்கு ஈடில்லை. 2008-ல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ சைக்கிள் பயணம் கிளம்பியதும் பெங்களூரிலிருந்துதான். 2023-ல் அதிவேகச் சாலை திறந்தபின், அதன் பிரதானப் பாதையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லாமல் போயிற்று. நஷ்டம் கார்க்காரர்களுக்குத்தான்: ராமநகரம், சன்னபட்டணா, மத்தூர், மாண்டியா என ஒவ்வோர் ஊரையும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெங்களூர் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மத்தூர் எழுநூறுக்கும் கீழே. காரில் தெரியாத இந்தச் சரிவைக் கால்கள் கெங்கேரி தாண்டியதுமே கண்டுகொள்ளும்.

பிடதியில் தட்டு இட்லி. ‘ஷோலே’ எடுத்த ராமநகரத்துப் பாறைகளைத் தலை நிமிர்ந்து பார்க்க வரிசையின் கடைசியில் இருக்க வேண்டும். நடுவில் இருப்பவருக்குக் கொடுத்துவைத்தது முன்னவரின் முதுகு மட்டுமே. சன்னபட்டணாவில் இறங்கியே ஆக வேண்டும். கடைசல் பட்டறையில் வெட்பாலைக் கட்டை சுழல்கிறது. அதன்மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. பிறகு தாழை ஓலையை மடித்துப் பிடித்தால் மஞ்சள் பளபளவென்று திரண்டு வருகிறது. கடைசல்காரரின் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அது பதறவில்லை.

மத்தூரில் வடை, அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. மாண்டியாவுக்குப் பிறகுதான் சோதனை. கரும்பு வயல், வெயில், எதிர்க்காற்று. இங்கேதான் வரிசை பிய்ந்துபோகும். நல்ல குழு வேகத்தைக் குறைத்துப் பின்தங்கியவரை உள்ளே இழுத்துக்கொள்ளும், சுமாரான குழு அடுத்த டீக்கடையில் காத்திருக்கும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயில், கோட்டை எல்லாம் பார்க்க நேரமில்லை என்றால் 1784-ல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையை மட்டும் பாருங்கள். மேற்குச் சுவரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780-ல் நடந்த போரின் ஓவியம். சதுரமாக அணிவகுத்த ஆங்கிலப் படையின் நடுவே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. கர்னல் பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் ஹைதர், திப்புவின் குதிரைகள், அடுக்கடுக்காக. நாள் முழுக்க வரிசையில் வந்த கண்ணுக்கு அந்த அடுக்குகள்தான் முதலில் படுகின்றன. பெய்லியை நான் பிறகுதான் கவனித்தேன்.

வெளியே வந்தால் காற்று இன்னும் முகத்துக்கு நேராகவே அடித்தது. மைசூருக்குக் கொஞ்ச தூரம்தான். எங்களில் இளையவன், கால் வலு மிகுந்தவன், முன்னால் போய் நின்றான். அக்கா தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டே, “தம்பி, நீ என் பின்னால வா” என்றார்.