கட்டியக்காரன் எங்கே?

இரவு ஒன்பது மணிக்குமேல் நம் தமிழ்த் தொலைக்காட்சிகளில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. கணவனை மனைவி பழிக்கிறாள். பருத்த உடலும் கறுத்த நிறமும் கேலிப் பொருளாகின்றன. ஆள்வோர் மட்டும் அம்மேடைக்கு எளிதில் வருவதில்லை. விஜய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா' கூடப் பெரும்பாலும் திரைப்படங்களையே கிண்டல் செய்தது.

அமெரிக்காவில் நள்ளிரவை ஒட்டி வரும் உரையாடல் நிகழ்ச்சிகள் நாட்டின் அதிபரையே நையாண்டி செய்வது பல்லாண்டு வழக்கம். அங்கும் இடர் இல்லாமலில்லை. 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஏபிசி நிறுவனம் நிறுத்திவைத்தது. எதிர்ப்பு வலுக்கவே, ஒரு வாரத்திற்குள் அவர் மீண்டும் திரையில் தோன்றினார்.

இதனை அந்நிய மரபென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. விடிய விடிய நடக்கும் நம் தெருக்கூத்தில், அரசனின் வருகையை அறிவிக்க வந்த கட்டியக்காரனே அவன் எதிரில் நின்று அவனைப் பகடி செய்கிறான். புராணக் கதையின் நடுவே ஊர் நடப்பையும் இழுத்துவிடுகிறான். அரசன் பொறுத்துக்கொள்கிறான். பொறுக்காவிட்டால் கூத்து ஏது?

தொலைக்காட்சியில் அந்தப் பொறுமை இல்லை. 2022 சனவரியில் ஜீ தமிழின் சிறுவர் நிகழ்ச்சியொன்றில், அரசனும் அமைச்சருமாக வேடமிட்ட இரு குழந்தைகள் பணமதிப்பிழப்பைக் கேலி செய்தனர். பிரதமரை இழிவுபடுத்துவதாகப் பாரதிய சனதா கட்சி முறையிட, ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விளக்கம் கேட்டது. பெரியவர்கள் தாம் சொல்லத் துணியாததைச் சிறுவர் வாயில் வைத்தது எனக்கு உவப்பானதன்று. ஆயினும், குழந்தையின் நகைப்புக்கே அரசு அறிக்கை அனுப்புமாயின், வளர்ந்த கலைஞர் எங்ஙனம் வாய் திறப்பார்?

இவ்வினாவுக்கு விடை தேட நாம் திருச்சியைத் தாண்ட வேண்டியதில்லை. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், டாஸ்மாக் மதுக்கடைகளை மூடக் கோரி, முதல்வர் ஜெயலலிதாவை எள்ளிப் பாடினார். காவிரிக்கு அப்பால் திருவரங்கம் தொகுதி 2011-இல் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அம்முதல்வர். அப்பாடல்களில் நயத்தைவிடக் கடுமையே மிகுதி; ஆனால் குடியால் சீரழிந்த வீடுகளின் குரல் அவற்றில் இருந்தது. 2015 அக்டோபர் 30 அன்று, விடியுமுன், திருச்சியில் அவரது இல்லத்திலேயே காவல்துறை அவரைக் கைது செய்தது. சுமத்தப்பட்ட குற்றம் தேசத்துரோகம்! நவம்பரில் பிணை கிடைத்தது.

2018 ஏப்ரலில், பிரதமரைச் சாடிய பாடலுக்காக, அதே திருச்சியில் அவர் மீண்டும் கைதானார். அந்த இரவுகளிலும் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் நகைச்சுவை தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.